எல்லோரும் வீரர் என்று கொண்டாடும் எல்லைப்புறப் படைத்தலைவரைக் குறைகளோடு மனிதராக எழுதுவது எப்படி?

நீங்கள் நாவலோ நாடகமோ எழுதுகிறீர்கள், குறையைச் சொன்னால் அவருடைய வீரம் போய்விடுமோ என்று தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போகாது. இதே விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு, இன்னும் ஆறவில்லை.

சில வருடங்களுக்கு முன் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 1876 ஜூன் 25 அன்று பூர்வகுடி மக்களோடு நடந்த சண்டையில் அமெரிக்கக் குதிரைப்படைத் தலைவர் ஜார்ஜ் கஸ்டரும் அவரோடு போன இருநூறுக்கும் மேற்பட்டவர்களும் ஒருவர் மிச்சமில்லாமல் மாண்ட இடம். புல்மேட்டில் அங்கங்கே வெள்ளைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். கஸ்டரின் கல்லில் மட்டும் முகப்பு கறுப்பு. அவரோடு தம்பிகள் டாம், பாஸ்டன், தங்கை கணவர், பதினெட்டு வயது அக்காள் மகன் எல்லோரும் அன்றே போய்விட்டார்கள். ஒரே குடும்பத்தில் ஐந்து சாவு. பாஸ்டனும் அந்தப் பையனும் ராணுவ வீரர்கள்கூட இல்லை. என் மகள், "அப்பா, தம்பியை எல்லாம் ஏன் கூட்டிட்டு வந்தார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க மலருக்குக் கஸ்டரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் எனக்குப் பிடித்த இடம் குதிரை. 1867இல் கன்சாஸ் சமவெளியில் படையை விட்டுத் தனியாகப் பிரிந்து ஒரு காட்டெருமையைத் துரத்துகிறார். பக்கத்தில் போய்த் துப்பாக்கியை நீட்டும்போது எருமை சட்டென்று அவர் பக்கம் திரும்புகிறது. குதிரை விலகுகிறது. கடிவாளத்தைப் பிடிக்கப் போன கையில் விசை அழுந்தி, குண்டு சொந்தக் குதிரை மேலேயே பாய்ந்துவிடுகிறது. அது மனைவி லிப்பி ஆசையாக வைத்திருந்த குதிரை. எருமை அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போகிறது. ஆள் நடமாட்டமில்லாத வெளியில் கால்நடையாகத் தன் படையைத் தேடி நடக்கிறார். இதை யாரும் கட்டிவிடவில்லை, அவரே தன் புத்தகத்தில் எழுதியது.

மலர் வந்தபோது அந்தப் பத்தியே இல்லை. கேட்டதற்கு, "வீரர்னு எழுதிட்டு சொந்தக் குதிரையைச் சுட்டார்னா யார் மதிப்பாங்க, சார்?" என்றார் பொறுப்பாளர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: அச்சுக்குப் போகும் முன் எழுதியவரிடம் ஒரு முறை காட்டினால் என்ன? சம்பளம் இல்லாமல், ராத்திரி கண்விழித்து எழுதிக் கொடுக்கிறோம். ஒரு போன் பண்ணக்கூட நேரமில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீரத்தை ஒரு பக்கம், குறையை இன்னொரு பக்கம் என்று எழுதாதீர்கள். கஸ்டரிடம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் இருபத்து மூன்று வயதில் தன் ஆட்களுக்கு முன்னால் குதிரையை விரட்டிக்கொண்டு போனாரே, அதே ஆள்தான் எருமைக்குப் பின்னாலும் போனார், லிட்டில் பிக்ஹார்னில் எதிரில் எத்தனை பேர் என்று தெரியாமல் படையைப் பிரித்து அனுப்பியதும் அவரே. அதே 1867இல் மனைவியைப் பார்க்கப் படைமுகாமை விட்டுக் கிளம்பிவிட்டார். ராணுவ நீதிமன்றம் ஒரு வருடம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது. காதல் என்று உருகி எழுதலாம், தப்பில்லை. ஆனால் தப்பியோடிய தன் வீரர்களை விசாரணையே இல்லாமல் சுடச் சொன்னார் என்ற குற்றச்சாட்டும் அதே வழக்கில் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அந்தக் காதலும் பொய்யாகிவிடும்.

நான் கஸ்டருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கீழே எழுதுவார்கள். இல்லை. 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில் விடியற்காலையில் செயென் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்பைத் தாக்கினார். சமாதானம் வேண்டிய தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் அங்கே கொல்லப்பட்டார்கள். ஐம்பத்து மூன்று பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்தார்கள். நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்று குவித்தார்கள். இதை அவருடைய "பலவீனம்" என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அது கொடுமை, கொடுமை என்றே எழுதுங்கள். மனிதராகக் காட்டுவதும் மன்னிப்பதும் வேறு வேறு.

லிப்பி 1933 வரை, ஐம்பத்தேழு வருடம் விதவையாக இருந்து, மூன்று புத்தகங்கள் எழுதிக் கணவரின் பெயரைக் காத்தார். மனைவி காத்தது சரி. நாம் ஏன் காக்க வேண்டும்?

குதிரை வரும் அத்தியாயம் எழுதினால் இங்கேயே போடுங்கள். என் மகளுக்கும் படித்துக் காட்டுவேன்.