வெளிநாட்டில் இருக்கும்போது பைக் சர்வீஸுக்கும் வாரண்டி வேலைக்கும் நம்பகமான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் நீங்கள் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். வந்து ஒரு வருடம்கூட ஆகாத நாட்டில் எந்தப் பட்டறையை நம்புவது, வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால் வாரண்டி போய்விடுமா, டீலர் கையை விரித்தால் என்ன செய்வது. மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. எதையும் அளந்து பார்த்து, அந்த எண்ணைத் தாளில் எழுதித் தருகிற இடத்துக்குப் போங்கள். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால்தான் காரணம் புரியும்.

வாங்கிப் பதினோரு மாதமான என் பைக் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் டக் டக் என்ற சத்தம், மீட்டர் விளக்கு மங்கி அணைகிறது. வாங்கிய டீலரிடமே கொண்டுபோனேன். பேட்டரி போய்விட்டது, பேட்டரிக்கு வாரண்டி ஆறு மாதம்தான் என்று சொல்லிப் புதியதை மாட்டி, பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே டக் டக். இரண்டாவது முறை போனபோது கவுண்டரில் இருந்தவர் ஹேண்டில்பாரைப் பார்த்தார். போனுக்கு சார்ஜ் ஏற்ற நான் அங்கே ஒரு சின்ன யூஎஸ்பி சாக்கெட் மாட்டியிருந்தேன். வெளியில் வாங்கியதை மாட்டியதால்தான் பேட்டரி இறங்குகிறது, இனி எலக்ட்ரிக்கல் எதற்கும் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த நாட்டு மொழி எனக்கு அரைகுறை. அவர் சொல்வது தவறு என்று மனதுக்குத் தெரிகிறது, அதை எடுத்துச் சொல்ல வாயில் வார்த்தை வரவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது இருந்த ஆற்றாமை இன்னும் மறக்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது.

உடன் வேலை செய்யும் ஒருவர், தான் பல வருடமாகப் பைக் விடுகிற சிறிய பட்டறை ஒன்றைச் சொன்னார். அந்த மெக்கானிக் அதிகம் பேசவில்லை. பேட்டரியை முழுதாக சார்ஜ் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை வைத்து 12.7 வோல்ட் என்று எழுதினார். அப்படியென்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சினை ஓட்டி 5000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி மறுபடி பார்த்தார். பெரும்பாலான பைக்குகளில் அப்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். என் பைக்கில் 12.4. பேட்டரிக்கு சார்ஜே ஏறவில்லை.

அப்புறம் ஸ்டேட்டரிலிருந்து, அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்கிற சுருளிலிருந்து, வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கனெக்டரைக் கழற்றி, இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டேஜ் எடுத்தார். 58, 58, 59. மூன்றும் ஏறக்குறைய சமம். எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த வயர்களுக்கும் பைக்கின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. அதாவது மின்சாரம் உற்பத்தியாவதில் குறை இல்லை, அதை டிசியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்தான் போயிருக்கிறது. அதன் கனெக்டரில் ஒரு முனை பழுப்பாகக் கருகியிருந்ததையும் காட்டினார். மொத்தம் அரைமணி நேரம். எந்தப் பாகத்தையும் பிரிக்கவில்லை, எந்த சீலையும் உடைக்கவில்லை. தேதி, ஓடிய கிலோமீட்டர், சேசிஸ் நம்பர், எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பார்த்ததற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு, சரிசெய்யும் வேலையை டீலரிடமே போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் நினைத்திருந்தால் அந்தப் பாகத்தைத் தானே மாட்டிச் சம்பாதித்திருக்கலாம்.

அந்தத் தாளோடு டீலரிடம் போனேன். முதலில் அதை வாங்கவே மறுத்தார்கள். சரி என்று, அந்த நாட்டில் அந்த பிராண்டை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். தாளின் படம், கருகிய கனெக்டரின் படம், பேட்டரி பில், ஒரு சின்னக் கணக்கு, அவ்வளவுதான் அதில் இருந்தது. யூஎஸ்பி சாக்கெட் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொடுத்தால் 10 வாட். ஹெட்லைட்டில் இருக்கும் எச்4 பல்பு ஒன்றே 55 வாட். ஸ்டேட்டரின் உற்பத்தித் திறன் சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கிறது, அது சில நூறு வாட். இந்த 10 வாட் எப்படி ரெகுலேட்டரைக் கெடுத்தது என்று எழுத்தில் விளக்குங்கள் என்று கேட்டேன். அடுத்த வாரம் அதே டீலரிடமிருந்து போன் வந்தது. ரெகுலேட்டரையும் கருகிய வயரிங் துண்டையும் வாரண்டியில் மாற்றினார்கள். புது பேட்டரிக்கு வாங்கிய பணம் திரும்பவில்லை, அதற்குமேல் நானும் இழுக்கவில்லை.

என் மொழி அந்த ஒரு வாரத்தில் தேறிவிடவில்லை. 12.4 என்ற எண்ணுக்கு எந்த நாட்டிலும் ஒரே அர்த்தம்தான். தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில் நமக்காக வாதாட வேறு ஆள் கிடையாது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். புதுப் பட்டறையை எப்படிச் சோதிப்பது? பெரிய வேலையைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். செயினை இறுக்கித் தரச் சொல்லுங்கள், அல்லது பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். செயினைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு இறுக்குகிறாரா, ஸ்கேலை வைத்து எத்தனை மில்லிமீட்டர் தொங்குகிறது என்று பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சக்கரத்தைச் சுழற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில் அளந்தால் இன்னும் நல்லது. ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்கிறாரா? பிரேக் ஆயிலுக்கு, மூடி பிரிக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றுகிறாரா? பைக்குகளில் பரவலாகப் பயன்படும் டாட் 4 என்ற பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆறு மாதமாகத் திறந்து கிடக்கும் டப்பாவிலிருந்து ஊற்றுபவரிடம் நீங்கள் எஞ்சினைக் கொடுக்கக் கூடாது.

இந்தச் சின்ன வேலையில் தேறியவரிடம் பெரிய வேலைக்குப் போகலாம். அங்கேயும் கேட்க வேண்டியது எண்ணைத்தான். வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு வால்வுக்கும் என்ன அளவு வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையில் பார்த்தவரிடம் அந்தக் குறிப்பு பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் அதை எழுதாமல் அந்த வேலையைச் சரியாகச் செய்வது கடினம். எஞ்சின் ஆறியபிறகுதான் அளக்க முடியும் என்பதால், பைக்கைச் சூடாகக் கொண்டுபோய் விட்டு ஒரு மணி நேரத்தில் வால்வு பார்த்துவிட்டதாகச் சொன்னால் அதை நம்பாதீர்கள். வால்வில் சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இந்த இடைவெளியைச் சரிசெய்யும் எஞ்சின்களில் அது நாளடைவில் குறைவதுதான் வழக்கம். குறைந்தால் சத்தம் இன்னும் அடங்கும். எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் கருகும் நாள் வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும்.

இணையத்தில் இருக்கும் நட்சத்திர மதிப்பீடுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நன்றாக நடத்தினார்கள், காபி கொடுத்தார்கள் என்பதற்கும் ஐந்து நட்சத்திரம் விழுகிறது. அதே மாடல் பைக்கை ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர் யாரையாவது தேடிப் பிடித்து, அவர் எங்கே விடுகிறார் என்று கேட்பது எவ்வளவோ மேல்.

வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால் வாரண்டி போய்விடுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னுசன் மாஸ் சட்டப்படி, தன் பிராண்டு பாகத்தையோ தன் டீலரின் சர்வீஸையோ இலவசமாகத் தராத நிறுவனம், அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கம்பெனி கொடுக்கும் வாரண்டி ஒரு பக்கம் இருக்க, விற்ற கடையே குறைந்தது 2 வருடம் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. முதல் ஒரு வருடத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். இது பலருக்குத் தெரிவதில்லை, கம்பெனி வாரண்டியைக் காட்டி மறுத்தவுடன் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் நுகர்வோர் அமைப்பு ஒன்று இருக்கும், அதன் இணையதளத்தில் இந்த விதிகளை எளிய மொழியில் போட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடாவது ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

வாரண்டிப் புத்தகத்தையும் வாங்கிய அன்றே படிக்க வேண்டும். பாகத்தின் தயாரிப்புக் குறைக்குத்தான் வாரண்டி. பிரேக் பேட், செயின், டயர் போன்று தேயும் பொருட்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒரு நாட்டில் வாங்கிய பைக்கின் வாரண்டி இன்னொரு நாட்டில் செல்லும் என்று தானாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த நாடுகளில் செல்லும் என்று புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கம்பெனிக்கே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பைக்கோடு நாடு மாறப்போகிறீர்கள் என்றால் கப்பல் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ரீகால் வேறு, வாரண்டி வேறு. பாதுகாப்புக் குறைக்காகக் கம்பெனி திரும்ப அழைக்கும் வேலை, வாரண்டி முடிந்த பைக்குக்கும் பெரும்பாலும் இலவசம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இந்தக் கடிதம் வந்து சேராமல், பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கலாம். ஹெட் பைப்பில் பொறித்திருக்கும் 17 எழுத்து எண்ணை, அதாவது விஐஎன்னை, கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆயிலை நீங்களே மாற்றுகிறவர் என்றால் பில்லைப் பத்திரமாக வையுங்கள், டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி தெரிகிற மாதிரி ஒரு படமும், ஓடோமீட்டரோடு ஒரு படமும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அபாயம் உண்டு, வாரண்டி கேட்கும்போது அவர்கள் முதலில் தோண்டுவதும் அதைத்தான்.

மொழியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பைக்கை விடும்போது குறையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எஞ்சின் சூடானபின், நாலாவது கியரில், 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் அதிர்கிறது என்று அவர்கள் மொழியில் எழுதி, ஜாப் கார்டில் அப்படியே ஏற்றச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது பைக்கைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் எல்லா இணைப்புகளையும் கசிவுக்காகப் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருப்பதை எல்லாம் இதே மாதிரி பதிவு செய்துவிடுங்கள். என் பைக்கில் சிலிண்டர் ஹெட் கவர் ஓரம் லேசாக ஆயில் கசிந்தது, துடைத்தால் இரண்டு நாளில் மறுபடி ஈரம். வாரண்டி முடிய ஒன்பது நாள் இருந்தபோது ஜாப் கார்டில் ஏற்றினேன். கேஸ்கெட் வந்து சேர ஆறு வாரம் ஆனது. கார்டில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, பணம் எதுவும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.