பழைய வீடியோ கேம், புது டிவி: கேட்டவையும் சொன்னவையும்

பரணில் கிடக்கும் வீடியோ கேமையோ கம்ப்யூட்டரையோ புது டிவியில் மாட்ட முடியாமல் தவிப்பவர்கள் கேளுங்கள் என்று போன வாரம் ஒரு வரி எழுதிப் போட்டேன். ஊரில் இத்தனை பரண்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து: அண்ணா, என் பழைய பிஎஸ்2-வை (பிளேஸ்டேஷன் 2) அக்கா பையனுக்காக எடுத்தேன். புது டிவியில் மஞ்சள் துளையே இல்லை. பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளைதான் இருக்கின்றன. மஞ்சள் ஒயரைப் பச்சையில் சொருகினால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. டிவி பழுதா?

டிவி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, சொருகிய இடமும் சரி. இடத்தை மிச்சப்படுத்த, நிறைய டிவிகளில் பச்சைத் துளைக்கு இரண்டு வேலை கொடுத்திருப்பார்கள். ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்திப் பார்த்தால் 'ஏவி' தனியாகவும் 'காம்போனன்ட்' தனியாகவும் இருக்கும். நீங்கள் காம்போனன்டில் நிற்கிறீர்கள். அந்த முறையில் பச்சை ஒயரில் வெளிச்சம் மட்டும்தான் வரும், நிறம் மற்ற இரண்டு ஒயர்களில் வரும். அதனால் மஞ்சள் ஒயரில் கலந்து வரும் நிறத்தை டிவி தேடுவதே இல்லை. 'ஏவி'க்கு மாற்றுங்கள், கலர் வந்துவிடும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று துளைகளும் இருக்கும்போது மஞ்சளில் விளையாடுவது வீண். காம்போனன்ட் ஒயர் ஒன்று வாங்குங்கள். பிஎஸ்3 ஒயரும் இதில் சேரும், இரண்டுக்கும் முனை ஒன்றுதான். ஆனால் ஒயரை மாற்றுவதற்கு முன், மஞ்சளில் படம் தெரிந்துகொண்டிருக்கும்போதே, பிஎஸ்2-வின் சிஸ்டம் மெனுவுக்குப் போய் 'காம்போனன்ட் வீடியோ அவுட்' என்பதை 'ஆர்ஜிபி'யிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் திரை முழுக்கப் பச்சையாகத் தெரியும், அப்புறம் பயந்துபோய் எனக்கு எழுதுவீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: சில நூறு ரூபாய்க்கு ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்கும் குட்டிப் பெட்டி வாங்கினேன். படம் வருகிறது. ஆனால் பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மரியோ குதிக்கிறான். அடிபட்டால் மினுக்க வேண்டியவன் சில சமயம் காணாமலே போகிறான். எச்டிஎம்ஐ என்றால் துல்லியம் என்கிறார்களே?

எச்டிஎம்ஐ ஒரு குழாய்தான். உள்ளே ஊற்றியதுதான் வெளியே வரும். உங்கள் சிக்கல் ஒயரில் இல்லை, அந்தப் பெட்டி சிக்னலைத் தப்பாகப் படிக்கிறது.

பழைய டப்பா டிவி ஒரு முழுப் படத்தை இரண்டு தவணையில் வரையும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படை. அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 தவணை, நம் ஊர் 'பால்' (PAL) முறையில் 50. பழைய வீடியோ கேம்கள் இதில் ஒரு குறுக்கு வழி செய்தன. ஒவ்வொரு தவணையிலும் அதே கோடுகளின் மேலேயே திரும்பத் திரும்ப வரைய வைத்தன. அதனால் கோடுகள் பாதியானாலும் நொடிக்கு 60 முழுப் படம் கிடைத்தது. இதைத்தான் 240பி என்கிறோம். டப்பா டிவிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அதில் படம் வரையும் மின்கற்றை எங்கே போகச் சொன்னாலும் போகும்.

புது டிவியும் உங்கள் பெட்டியும் அப்படி இல்லை. வருவது 480ஐ, அதாவது பாதிப் படம் என்று நினைத்துக்கொண்டு, மறு பாதி வரட்டும் என்று காத்திருந்து இரண்டையும் பின்னுகின்றன. காத்திருப்பதில் நேரம் போகிறது, பின்னுவதில் படம் குழம்புகிறது. அடிபட்ட மரியோ ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்க மாட்டான், அதுதான் மினுக்கல். இரண்டு படங்களையும் ஒன்றாக்கினால் அவன் கோடு கோடாகத் தெரிவான், அல்லது ஒரேயடியாக மறைவான். போதாக்குறைக்கு அந்தப் பெட்டி படத்தை 16:9-க்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிட்டு டிவியிடம் கொடுக்கும். டிவி தன் பங்குக்கு மெருகேற்ற இன்னும் நேரம் எடுக்கும். ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. ஆறு படம் தாமதித்தாலே நூறு மில்லிநொடி ஆகிவிட்டது. மரியோ அதற்குள் குழியில்.

காசில்லாத வைத்தியத்தை முதலில் பாருங்கள். டிவி மெனுவில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள், பட அளவை 4:3 ஆக்குங்கள். பாதித் தாமதம் அதிலேயே குறைய வாய்ப்புண்டு. அப்புறமும் ஆசை இருந்தால் ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற மாற்றிப் பெட்டிகள் இருக்கின்றன. 240பி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் செய்தவை. முழுப் படத்துக்காகக் காத்திருக்காமல் வந்த கோட்டை அப்போதே இரட்டிப்பாக்கி அனுப்பும் வகையைப் பார்த்து வாங்குங்கள், தாமதம் ஒரு படம்கூட ஆகாது. மஞ்சள் ஒயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஓஎஸ்எஸ்சி வேண்டாம், அது மஞ்சள் சிக்னலை வாங்காது. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் வாங்கும். விலை அந்தக் குட்டிப் பெட்டியைப் போல இருக்காது, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். என்னிடமும் அப்படி ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறது. ஜன்னல் கதவு ஆடாமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: 4கே டிவி வாங்கினால் நன்றாகத் தெரியுமா?

டிவி மட்டும் மாறினால் ஒன்றும் மாறாது. நல்ல மாற்றியும் இருந்தால் கணக்கு அழகாக வரும். 240-ஐ ஒன்பதால் பெருக்கினால் 2160, சரியாக 4கே-யின் உயரம். 1080-க்கு நாலரை வரும், அந்த அரையில்தான் புள்ளிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஆகின்றன.

காரைக்குடியிலிருந்து: சின்ன வயதில் தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்த செட். துப்பாக்கி, வாத்து சுடும் கேசட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எல்இடி டிவியில் எத்தனை சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

துப்பாக்கி நல்லாத்தான் இருக்கும். அது எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. குழாய்க்குள் எட்டிப் பாருங்கள், ஒரு கண்ணாடி வில்லையும் அதற்குப் பின்னால் ஒளி உணரியும் இருக்கும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று கண்ணுக்குப் பட்டால் வாத்து விழும். டப்பா டிவியில் இதெல்லாம் அந்தந்தக் கணத்தில் நடக்கும். எல்இடி டிவியில் வெள்ளைக் கட்டம் வந்து சேர்வதற்குள் கேம் பார்த்துவிட்டு 'தவறிவிட்டாய்' என்று முடிவு கட்டியிருக்கும். தவிர, நின்டெண்டோவின் அசல் துப்பாக்கி டப்பா டிவி கோடு கோடாக வரையும்போது வரும் 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை (நொடிக்குப் பதினைந்தாயிரம் கோடு) மட்டும்தான் வெளிச்சமாகவே எடுத்துக்கொள்ளும். எந்த மாற்றி வாங்கினாலும் இது சரியாகாது. டப்பா டிவி தேடுங்கள். கடைசிக் கேள்வியையும் படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: வணக்கம் அண்ணை. மாமா கனடாவிலிருந்து சூப்பர் நின்டெண்டோ கொண்டுவந்தவர். வீட்டுப் பழைய டிவியில் கறுப்பு வெள்ளை, புது டிவியில் கலர். ஏன்?

வணக்கம். கனடாவின் முறை என்டிஎஸ்சி, இலங்கையும் இந்தியாவும் பால். நிறத்தை அனுப்பும் விதம் இரண்டிலும் வேறு. பழைய டிவிக்குப் பால் மட்டும் தெரிந்திருந்தால் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். மெனுவில் 'கலர் சிஸ்டம்' இருந்தால் ஆட்டோ அல்லது என்டிஎஸ்சி 3.58 போட்டுப் பாருங்கள். புது டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் படிக்கும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 120 வோல்ட், உங்கள் வீட்டில் 230. மாமா கொண்டுவந்த அடாப்டரை நேரே சுவரில் மாட்டியிருந்தால் இதற்குள் புகைந்திருக்கும், ஆகவே ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். அது என்னவென்று தெரியாத யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: மெகா டிரைவ் வீடியோ கேமுக்கு ஆர்ஜிபி ஒயர் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வருவது) போட்டேன். எல்லாம் கண்ணாடி மாதிரி. ஆனால் சோனிக் கேமில் அருவி இப்போது கம்பி கம்பியாகத் தெரிகிறது!

அருவி எப்போதுமே கம்பிதான். ஒரு நெட்டு வரிசை விட்டு ஒரு நெட்டு வரிசை புள்ளி வைத்திருப்பார்கள். மஞ்சள் ஒயர் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் குழைத்துவிடும், அந்தக் குழைவில் நீர் கண்ணாடிபோலத் தெரியும். என்னைக் கேட்டால் அந்த ஒரு கேமுக்கு மட்டும் மஞ்சள்தான் அழகு.

சேலத்திலிருந்து: 486 கம்ப்யூட்டரை விஜிஏ-எச்டிஎம்ஐ அடாப்டர் வழியாக டிவியில் மாட்டினேன். விண்டோஸ் வருகிறது, டாஸ் கேம் போட்டால் படமே இல்லை.

டாஸ் கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 70 படம் அனுப்பும். டிவிகள் பல 50, 60-ஐத் தாண்டி வேறு எதையும் ஏற்காது. ஆபீஸ்களில் கழித்துப்போடும் சதுர எல்சிடி மானிட்டர் ஒன்று வாங்கி விஜிஏ ஒயரை நேரே மாட்டுங்கள். முடிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: 1980களில் மத்திய அரசின் 'கிளாஸ்' என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மீண்டும் ஓட்ட முடியுமா?

ஐயா, முடியும். ஆனால் தயவுசெய்து இப்போதே சுவிட்ச் போடாதீர்கள். அதன் பவர் சப்ளையில் மின்வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. நாளாக நாளாக அவற்றின் மேலுறையில் முடிபோல விரிசல் விழுந்து ஈரம் இறங்கும். மின்சாரம் பட்டதும் வெடித்து, வீடு முழுக்க நாறும் புகையைக் கக்கும். சால்டரிங் தெரிந்த ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

அப்புறம் படம். பின்னால் ஆறு முள் கொண்ட வட்டமான ஆர்ஜிபி துளை இருக்கும். அதை விஜிஏ மானிட்டருக்கு ஒயர் இழுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிபிசி மைக்ரோ கோடுகளை அனுப்பும் வேகம் ஏறக்குறைய 15.6 கிலோஹெர்ட்ஸ், விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பது 31-க்கு மேல். 'ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ' என்ற சிறு பலகை இருக்கிறது. ராஸ்பெரி பை ஸீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் மேல் உட்காரும். முதலில் இந்த பிபிசி மைக்ரோ குடும்பத்துக்காகவே செய்தார்கள், ஒவ்வொரு புள்ளியும் அச்சடித்தாற்போல வரும்.

பெயர் வேண்டாம் என்றவர்: அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி இன்னும் மூலையில் கிடக்கிறது. காயலான் கடையில் போட்டுவிடவா?

போடாதீர்கள்! இதுவரை நான் சொன்ன மாற்றி, பெட்டி, தாமதம் எதுவுமே அதற்குத் தேவையில்லை. பின்னாலோ முன்னாலோ ஏவி துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மஞ்சளைச் சொருகி, வெள்ளையைச் சொருகி உட்கார வேண்டியதுதான். இல்லாவிட்டால் ஆன்டெனா துளை வழியாகச் சேனல் தேடிப் பிடிக்கலாம், பழைய செட்கள் பலவற்றில் அந்த ஒயரும் இருக்கும். படம் கோணலாக இருந்தாலும் பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் தங்கும்.

வேண்டவே வேண்டாம் என்றால் சொல்லுங்கள், காரைக்குடிக்காரருக்கு வாத்து சுட அதுதான் தேவை. தூக்கும்போது திரைப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில்தான்.