விண்கலம் வேண்டாம், நெம்மேலி போதும்

கேள்வி: மாமியார்-மருமகள் சண்டையை விட்டுவிட்டு, நம் சேனல்கள் விண்கலம், செவ்வாய் என்று பிரமாண்டமாக ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல் எடுக்கக் கூடாதா? - வாசகர், போரூர்

பதில்: எடுத்தால் செவ்வாயிலும் அதே மாமியார்தான் இருப்பார். இங்கிருந்து வீடியோ காலில் மருமகளைத் திட்டுவார், அவளும் உடனே அழுவாள். உண்மையில் சிக்னல் அங்கே போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். தூரம் அதிகமான நாளில், கேள்விக்குப் பதில் வருவதற்குள் அரை மணி ஸ்லாட் முடிந்து அடுத்த சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். (அந்தத் தாமதத்தையே கதையாக்கினால் முதல் ஆளாக நான் பார்ப்பேன்.) தவிர, விண்கலத்தில் மிதக்கும் முந்தானையையும் தலைமுடியையும் பின்னணிக்குக் கட்டும் பச்சைத் திரையிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுக்க, நாளுக்கொரு எபிசோட் எடுக்கும் யூனிட்டுக்கு ஏது நேரம்?

ஈசிஆரில் நெம்மேலி வரை போய் வரட்டும். அங்கே 2013-ல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2019 வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு வந்த ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அதாவது ஆலையின் ஒரு நாள் திறன் 40 ரயில் தண்ணீர். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரை, காற்றழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு அழுத்தத்தில், உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வுக்குள் தள்ளுகிறார்கள். 100 லிட்டர் போனால் ஏறக்குறைய 40 தேறும், மிச்சம் இன்னும் கரிப்பாகிக் கடலுக்கே திரும்பும். கடலில் பாசி பெருகினால் முதலில் வடிகட்டி அடைக்கும். அதைத் தாண்டினால் சவ்வில் படியும், அழுத்தம் ஏறும், உற்பத்தியைக் குறைத்தே ஆக வேண்டும்.

கதை இங்கேதான் இருக்கிறது. 2055, ஏரிகள் வறண்டுவிட்டன, நகரம் கடலை மட்டும் நம்பியிருக்கிறது. ஒரு விடியற்காலையில் கடல் பச்சையாகிறது. தொட்டிகளில் இரண்டு நாள் தண்ணீர். வால்வு யார் கையில்? தண்ணீர் அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கா, மீனவர் குப்பத்துக்கா? செட்டுக்கு மொட்டை மாடி, சின்டெக்ஸ் தொட்டி, லாரி, குடம் போதும். மாமியார்-மருமகள் சண்டையும் உண்டு, கடைசிக் குடத்துக்காக!

ஆனால் டெய்லி சீரியலாக வேண்டாம். டிஆர்பி இறங்கியதும் கதையை மாற்றுவார்கள். இரண்டாம் எபிசோடில் வைத்த விதி தொண்ணூறில் காணாமல் போகும், திடீரென ஒரு விஞ்ஞானி மாத்திரையால் கடலையே நன்னீராக்கிவிடுவார். 13 எபிசோட், வார இறுதியில். கற்பனை ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் நிஜம். முழு ஸ்கிரிப்டையும் எழுதி, ஆலையை இயக்கும் இன்ஜினீயர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்துவிட்டு ஷூட்டிங் போகட்டும். டப்பிங் முடிந்தபின் காட்டினால் டைட்டிலில் பெயர் போட மட்டுமே அவர் பயன்படுவார்.

வறண்ட போரூர் ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதாக ஒரு காட்சி வைக்கச் சொல்கிறேன், உங்களுக்காக.