மேட்டுநிலப் பறவை வேட்டைக்கு 12 கேஜை விட 20, 28 கேஜ் துப்பாக்கியை ஏன் விரும்புகிறார்கள்?

கேஜ் என்பது குழலின் உள்விட்டத்தைச் சொல்லும் எண். குழலுக்குள் சரியாக அடங்கும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுவே கேஜ். ஒரே அளவு மாவில் 12 லட்டு பிடித்தால் பெரிதாகவும் 28 பிடித்தால் சிறிதாகவும் வருவது போலத்தான்: 12 கேஜ் சுமார் 18.5 மி.மீ., 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14.

குழல் சிறிதானால் துப்பாக்கியும் பொதுவாக லேசாகும். அமெரிக்காவின் மெயின், மிச்சிகன் காடுகளில் கிரௌஸ் என்ற மேட்டுநிலப் பறவையைத் தேடி நாள் முழுக்க நடப்பவருக்கு 2.5 முதல் 2.8 கிலோ துப்பாக்கி பெரிய வரம். அதற்கும் கீழே இறங்காதீர்கள். மிக லேசான குழல் பறவையைத் தொடரும்போது சட்டென நின்றுவிடும், ரவை (தோட்டாவிலிருந்து பாயும் சிறு குண்டுகள்) பறவைக்குப் பின்னால் போய்விடும், உதைப்பும் கூடும்.

28 கேஜ் வாங்கும்முன் தராசில் வைத்துப் பாருங்கள். சில மாடல்கள் 20 கேஜ் துப்பாக்கியின் உடற்பகுதியிலேயே சிறிய குழலைப் பொருத்தியவை, எடை குறையாது. முதல் துப்பாக்கி என்றால் 20 கேஜே நல்லது, தோட்டா எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதை 12 கேஜ் தோட்டாவோடு ஒரே பையில் போடவே கூடாது: தவறி 12 கேஜுக்குள் போட்டால் குழலில் வழுக்கிச் சிக்கும், அடுத்த தோட்டா சுடும்போது குழல் வெடிக்கும்.

சிறிய கேஜின் ரவைக்கு வேகம் குறைவு என்று பலர் நினைப்பது தவறு; வேகம் ஏறத்தாழ ஒன்றே, 12 கேஜில் 28 முதல் 32 கிராம் ரவை போகும் இடத்தில் 28 கேஜில் 21 கிராம்தான் போகிறது, அதனால்தான் 25, 30 மீட்டருக்குள் சுட வேண்டும்.