மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் ஏன் நிற்கிறது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வெளியிலிருந்து விசை எதுவும் செயல்படாவிட்டால், ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று இயக்க விதிகள் பாடத்தில் இருக்கிறதாம். "மிதிப்பதை நிறுத்தினால் என் சைக்கிள் நின்றுவிடுகிறதே அம்மா" என்கிறாள். என்ன பதில் சொல்ல?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், அம்மா. விதியை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை. அரிஸ்டாட்டிலும் அவளைப் போலத்தான் நினைத்தார். தள்ள ஏதாவது இருந்தால்தான் பொருள் நகரும் என்றார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தக் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது.

பள்ளியில் நான் இயற்பியல் நடத்திய காலத்தில், இந்தப் பாடத்தன்று கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் போவேன். முதலில் பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டச் சொல்வேன். கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அப்புறம் பவுடர் தூவி, அதே போலச் சுண்டச் சொல்வேன். எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வரும். இரண்டு முறையும் விரல் உடனே விலகிவிட்டது. அதன்பின் தள்ளுவதற்கு யாருமில்லை. மாறியது உராய்வு மட்டும். உராய்வு குறையக் குறைய தூரம் கூடுகிறது, சரி. உராய்வே இல்லாவிட்டால்? இந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கலிலியோ இதே வழியில்தான் யோசித்தார். ஒரு சரிவில் உருட்டிவிட்ட குண்டு, எதிர்ச் சரிவில் ஏறக்குறைய புறப்பட்ட உயரம் வரை ஏறும். எதிர்ச் சரிவின் சாய்வைக் குறைத்துக்கொண்டே போனால், அதே உயரத்தை எட்ட இன்னும் நெடுந்தூரம் ஓட வேண்டும். முழுக்கத் தட்டையாக்கிவிட்டால் அது நிற்கக் காரணமே இல்லை. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இது முதல் விதியானது.

இப்போது சைக்கிள். சாலையில் டயர் அமுங்கி நிமிர்வது, அச்சில் உராய்வு, எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து பின்னால் இழுக்கின்றன. சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது, அவள் மிதிப்பது இந்த இழுப்பை ஈடுகட்டத்தான். இரண்டும் சமம் என்பதால் மொத்த விசை பூஜ்யம், வேகமும் மாறுவதில்லை. மிதிப்பதை நிறுத்தினால் பின்னிழுப்பு மட்டும் மிஞ்சும், வேகம் குறையும். டயரில் காற்று குறைவாக இருக்கும்போது ஒரு தடவை, நன்றாக அடித்த பிறகு ஒரு தடவை, மிதிக்காமல் எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அவளே அளந்து பார்க்கட்டும்.

1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை முன்னால் தள்ள எந்த எஞ்சினும் ஓடவில்லை. சூரியனின் ஈர்ப்பு மட்டும் மிக மெல்லப் பின்னால் இழுக்கிறது.

கேள்வி: பைக்கில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 60இல் போனால், பிரேக் பிடித்து நிற்க இரண்டு மடங்கு தூரம் போதும்தானே?
- ஒரு வாசகர், தேனி

பதில்: போதாது, நாலு மடங்கு வேண்டும். பிரேக்கின் விசை அதேதான் என்றால், இரட்டிப்பு வேகத்தை அழிக்க இரட்டிப்பு நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் வண்டியின் சராசரி வேகமும் இரட்டிப்பு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். காய்ந்த நல்ல தார்ச்சாலையில், நன்றாகப் பிடிக்கும் பிரேக்குடன், 30இல் சுமார் 6 மீட்டரில் நிற்கிற வண்டிக்கு 60இல் சுமார் 23 மீட்டர் தேவை. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்று வைத்தால், 60இல் அதற்குள்ளேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருக்கும். ஆக மொத்தம் 40 மீட்டர். 30இல் வந்தவருக்கு 14 தான். மழை பெய்த சாலையிலும் மணல் சிதறிய வளைவிலும் பிடிமானம் குறைவதால் இந்தத் தூரம் இன்னும் நீளும். தெருவுக்குள் 60இல் போகிற பிள்ளைகளிடம் தயவுசெய்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.