உலகப் பெண்கள் நிலைமையை லைப்ரரியில எங்க தேடுறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லைப்ரரி பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு நினைக்கல. எல்லாமே நம்ம வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துல இருந்துதான். அதுல சிலதுக்கு இங்க பதில்.

கேள்வி: மேடம், நான் வேலூர்ல எம்.ஏ. சோஷியாலஜி படிக்கிறேன். "உலக நாடுகளில் பெண்களின் நிலை"ன்னு ப்ராஜெக்ட் கொடுத்துட்டாங்க. நெட்ல இருந்து காப்பி அடிச்சா கைடு கிழிச்சி போட்டுடுவாரு, லைப்ரரியில போய் உக்காருன்றாரு. போனா எங்க ஆரம்பிக்கறதுன்னே புரியல. (வாசகி, குடியாத்தம்)

தலைப்பைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டுது, உனக்கு முட்டாதா? உலகம் பூரா பெண்கள், எல்லா நிலைமையும், அறுபது பக்கத்துல... ஆகுற காரியமா இது. கைடு கிட்ட போய் தலைப்பு அப்படியே இருக்கட்டும் சார், உள்ள ஒரே ஒரு விஷயம் மூணு நாலு நாட்டுல மட்டும் பாக்குறேன்னு கேளு, பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாரு.

என்ன விஷயம்னு கேட்டா, வேலூர்ல இருந்துக்கினு நீ அதுக்கு ரொம்ப யோசிக்க வேண்டியதில்ல. பிரசவத்துல தாய் சாகுறது. நம்ம சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதை உனக்குத் தெரிஞ்சிருக்கும், ராணிப்பேட்டையில 1870-ல பொறந்தவங்க, திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்ல இருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தாங்க, ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாங்க, மூணு பொண்ணும் செத்துப்போச்சு, அதுக்கப்புறம்தான் அந்தம்மா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1900-ல இங்க ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பிச்சு, 1918-ல பொம்பளைங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல் தொறந்தாங்க. ஆரம்பிக்க இது போதும். அங்க இருந்து உலகத்துக்குப் போ. உலக சுகாதார நிறுவனமும் மத்த ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து 2023-ல போட்ட ரிப்போர்ட்ல 2020-க்கான கணக்கு இருக்கு. ஒரு லட்சம் குழந்தை உயிரோட பொறந்தா சாகுற தாய்மார் நார்வேல 2, இலங்கையில 29, இந்தியாவுல 103, நைஜீரியாவுல 1047. இந்த நாலு நம்பரை நாலு பக்கம் விரிச்சு எழுதினாலே உன் ப்ராஜெக்ட்ல பாதி முடிஞ்சுது. இலங்கை நம்ம பக்கத்து வீடு, பணக்கார நாடும் இல்ல, அங்க எப்படி 29-க்கு வந்துச்சுன்னு தேடு, அதுதான் ருசியான அத்தியாயம்.

ஒரு எச்சரிக்கை. இதே விஷயத்துக்கு நம்ம அரசாங்கத்தோட சாம்பிள் ரெஜிஸ்ட்ரேஷன் கணக்கு (சில இடங்களை மாதிரிக்கு எடுத்து பிறப்பு, இறப்பை எண்ணறது) தனியா இருக்கு, 2018-20-க்கு இந்தியா 97, தமிழ்நாடு 54. இந்த 54-ஐ தூக்கி நைஜீரியாவோட 1047 பக்கத்துல வெச்சிடாத, ரெண்டும் வேற வேற விதமா எடுத்த கணக்கு. நாட்டோட நாட்டை ஒப்பிடும்போது எல்லா நம்பரும் ஒரே ரிப்போர்ட்ல இருந்து வரணும். புது ரிப்போர்ட் வரும்போது பழைய வருஷத்து நம்பரையும் சேர்த்து திருத்துவாங்க, அதனால ரெண்டு எடிஷனைக் கலக்கறதும் ஆபத்து.

இப்ப லைப்ரரிக்கு வரேன். டியூவி நம்பர் (பாடவாரியா புக்குக்குக் கொடுக்கற நம்பர்) போட்டு அடுக்கியிருந்தா பெண்கள் பத்தின புக் 305.4-ல இருக்கும். எல்லாரும் அந்த ஒரு ஷெல்ஃபைப் பாத்துட்டு "ஒண்ணும் இல்ல மேடம்"னு திரும்பி வந்துடுவாங்க. பெண்கள் வேலைன்னா 331.4, ஓட்டுரிமைன்னா 324.6, பிரசவம்னா 618.2, சட்டம்னா 340 பக்கம். பெண்களை ஒரே அலமாரியில அடைச்சு வெக்கல, லைப்ரரி முழுக்க இருக்காங்க. கிடைச்ச ஒரு நல்ல புக்குக்குப் பின்னாடி இருக்கிற நூற்பட்டியலை எடுத்துக்கினு அடுத்த புக்கைத் தேடு. கவுண்டர்ல இருக்கறவங்க கிட்ட "பெண்கள் பத்தி ஏதாவது இருக்கா"ன்னு கேக்காத, "இலங்கையில தாய் சேய் நலம் பத்தி 1950-க்கு அப்புறம் வந்தது ஏதாவது இருக்கா"ன்னு கேளு. கேள்வி எவ்வளவு குறுகலோ அவ்வளவு சீக்கிரம் எழுந்து வருவாங்க, இத்தனை வருஷம் அந்த கவுண்டர்ல உக்காந்தவ சொல்றேன்.

இங்க கிடைக்கலன்னா காட்பாடியில ட்ரெயின் ஏறு, எழும்பூர்ல கன்னிமாரா லைப்ரரி. நம்ம நாட்டுல அச்சாகுற புக்குல ஒரு காப்பி சட்டப்படி அங்க போகணும், ஐ.நா. வெளியீடுகளும் வந்து சேருற இடம். ஐ.நா. 1991-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை உலகப் பெண்கள் நிலை பத்தி புள்ளிவிவரத் தொகுப்பு போடுறாங்க, அதோட முதல் எடிஷனையும் 2015 எடிஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. பழைய புக்கை வீட்டுக்குக் கொடுக்க மாட்டாங்க, நோட்டு கொண்டு போ.

நோட்ல எழுதும்போது நம்பரை மட்டும் எழுதிட்டு வந்துடாத, எந்த வருஷம், எந்த எடிஷன், எந்த டேபிள், என்ன பக்கம்னு சேர்த்து எழுது. டேபிளுக்கு அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும் பாரு, அதையும் விட்டுடாத. ஐ.நா. டேபிள்ல சில கட்டத்துல வெறும் ரெண்டு புள்ளி வெச்சிருப்பாங்க. அது பூஜ்யம் இல்லம்மா, "தகவல் கிடைக்கல"ன்னு அர்த்தம். ரெண்டு புள்ளியை பூஜ்யம்னு போட்டு அதுக்கு சராசரியும் எடுத்த தீசிஸை நான் பாத்திருக்கேன். எந்த நாட்டுக்கு, எந்தக் கேள்விக்கு ரெண்டு புள்ளி வருதுன்னு தனியா ஒரு லிஸ்ட் போடு. பெண்களை எண்ணவே எண்ணலங்கறதும் நிலைமைதான்.

கேள்வி: பேப்பர்ல ஒரு நாள் பெண்கள் விஷயத்துல இந்தியா 129-வது இடம்னு போடறான், இன்னொரு நாள் 108-வதுன்னு அரசு சொல்லுது. யார் பொய் சொல்றாங்க? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராணிப்பேட்டை)

ரெண்டு பேரும் பொய் சொல்லல சார், ரெண்டும் வேற வேற தராசு. 129 அப்படிங்கறது உலகப் பொருளாதார மன்றத்தோட 2024 பாலின இடைவெளி ரிப்போர்ட், 146 நாட்டுல. 108 அப்படிங்கறது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட பாலின சமமின்மைக் குறியீடு, 2022-க்கானது.

முதல் தராசு இடைவெளியை மட்டும்தான் நிறுக்கும். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கேக்குமே தவிர, ரெண்டு பேருக்கும் என்ன கிடைக்குதுன்னு கேக்காது. ஒரு நாட்டுல பசங்களும் படிக்கல பொண்ணுங்களும் படிக்கலன்னா அங்க இடைவெளி கம்மி, மார்க்கு ஜாஸ்தி. 2024-ல நிகரகுவா 6-வது, நமீபியா 8-வது, ஜப்பான் 118-வதுன்னு வந்ததைப் பாத்து நிறைய பேர் வாய் பொளந்தாங்க. ஜப்பான்ல பிரசவத்துல சாகுறது ரொம்ப அபூர்வம், ஆனா பார்லிமெண்ட்லயும் கம்பெனி மேல் பதவியிலயும் பொம்பளைங்க குறைச்சல், அது அங்க அடிச்சிடுச்சு. ஐ.நா. குறியீட்டுல தாய் மரணம், சின்ன வயசுல பிள்ளை பெக்கறது, பார்லிமெண்ட் சீட்டு, செகண்டரி படிப்பு, வேலை, இதெல்லாம் வரும், அதனால அதுல ஜப்பான் முதல் 25-க்குள்ள நிக்குது.

என்னைக் கேட்டா ரேங்க்கை வெச்சு சண்டை போடறது வெட்டி வேலை. ரேங்க் பக்கத்தைத் தாண்டி நாட்டு வாரியா உள்ள இருக்கிற பக்கத்தைத் திறங்க, எந்தப் பாடத்துல ஃபெயில்னு அங்கதான் தெரியும். நமக்கு பல வருஷமா இழுக்கறது வேலையும் அரசியலும். 2024-ல லோக்சபாவுக்கு ஜெயிச்சு வந்த பொம்பளைங்க 543-ல 74 பேர், அதுக்கு முன்னாடி 78 பேர். ருவாண்டாவுல பாதிக்கு மேல பொம்பளைங்க, ஆனா அங்க அரசியல் சாசனத்துலயே ஒதுக்கீடு இருக்கு, அதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

கேள்வி: எங்க அம்மா வீட்ல பீடி சுத்தறாங்க. இந்தக் கணக்குல எல்லாம் அவங்க "வேலை செய்யறவங்க"ளா வருவாங்களா? (கல்லூரி மாணவி, பேரணாம்பட்டு)

ரொம்ப நாளா நான் எதிர்பார்த்த கேள்வி இது. வரணும். காண்ட்ராக்டர் கிட்ட இலையும் தூளும் வாங்கி, ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறது வேலைதான், 1966 பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டமே வீட்ல சுத்தறவங்களையும் சேர்த்துத்தான் பேசுச்சு. ஆனா கணக்கெடுக்க வந்தவரு வாசல்ல நின்னு கேக்கும்போது திண்ணையில இருந்து பதில் சொல்றது யாரு? பெரும்பாலும் வீட்டு ஆம்பளை. "அது வீட்லதான் சார் இருக்குது"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அம்மா வேலை இல்லாதவங்க லிஸ்ட்டுக்குப் போயாச்சு.

வேலை சர்வேல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு நம்பர் இருக்கு. 92-ன்னா வீட்டு வேலை மட்டும், 93-ன்னா வீட்டு வேலையோட சொந்த வீட்டுக்கே விறகு பொறுக்கறது, துணி தைக்கிறது மாதிரி. குடும்பத் தொழில்ல சம்பளம் இல்லாம கூட மாட செஞ்சா 21, அது வேலைக் கணக்குல சேரும். ஒரே பொம்பளை, கேக்கற விதத்துல 92-லயும் விழலாம் 21-லயும் விழலாம். 2017-18-ல 15 வயசுக்கு மேல உள்ள பெண்கள்ல 23.3 சதவீதம்தான் வேலைச் சந்தையில இருந்தாங்க, 2023-24-ல 41.7 ஆயிடுச்சுன்னு அரசு கணக்கு. இவ்வளவு ஏறினதுல புதுசா வேலைக்குப் போனது எவ்வளவு, கூட மாட செய்யறவங்களை எண்ணினது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்காம கை தட்டக்கூடாது, திட்டவும் கூடாது.

நீ தேட வேண்டியது நேரப் பயன்பாட்டு சர்வே, தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல நாடு முழுக்க எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரி 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம். 2024 சர்வேல 289, 88. அஞ்சு வருஷத்துல பொம்பளைக்கு பத்து நிமிஷம் மிச்சமாச்சுன்னு சந்தோஷப்படலாம்னு பாத்தா ஆம்பளையும் ஒம்போது நிமிஷம் குறைச்சுக்கினு எழுந்து போயிட்டாரு! மத்த நாடுங்களும் இந்த சர்வே எடுக்கறாங்க, அதனால ஒப்பிடவும் வசதி. முடிஞ்சா அம்மா கிட்டயே ஒரு நாள் பூரா உக்காந்து அரை மணிக்கு ஒரு தடவை என்ன செய்யறாங்கன்னு எழுது. சோறு கொதிக்கும்போது மடியில முறம் இருக்கும், அந்த அரை மணியை எந்தக் கட்டத்துல போடுவன்னு நீயே முழிப்ப. சர்வே எடுக்கறவங்களுக்கும் அதே முழிதான்.

கேள்வி: வட ஆற்காட்டுல பெண் கல்வி நூறு வருஷத்துல எப்படி மாறிச்சுன்னு கட்டுரை எழுதறேன். சென்சஸ் நம்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது. (ஆசிரியர், வாணியம்பாடி)

ஒட்டாது சார், ஊரே மாறிக்கினு இருந்துச்சே. 1911-க்கு முன்னாடி வட ஆற்காட்டுக்கு தலைமை ஊரே சித்தூர், உங்க திருப்பத்தூர் பக்கம் சேலத்துல இருந்துச்சு, அதனால அந்தக் காலத்து உங்க தாலுகா கணக்கை சேலம் வால்யூம்ல தேடணும். 1989-ல திருவண்ணாமலை பிரிஞ்சுது, 2019-ல வேலூர் மூணாச்சு. 2011 சென்சஸ்ல ஆயிரம் ஆணுக்கு 1007 பெண்னு வேலூருக்குப் போட்டிருக்கறது ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்த பழைய வேலூருக்கு. அதனால மாவட்டத்தை விட்டுட்டு தாலுகாவைப் பிடிங்க, மாவட்ட சென்சஸ் கையேடுல கிடைக்கும்.

இன்னொண்ணு, 1991-ல இருந்து எழுத்தறிவை ஏழு வயசுக்கு மேல உள்ளவங்களை வெச்சு கணக்கு போடறாங்க, அதுக்கு முந்தினது வேற கணக்கு. அடிக்குறிப்பு போடாம ரெண்டையும் ஒரே கோட்டுல வரைஞ்சிடாதீங்க. வெள்ளைக்காரங்க காலத்துல காக்ஸ் எழுதி ஸ்டூவர்ட் திருத்தின பழைய வட ஆற்காடு மாவட்ட மேனுவலும் படிங்க, ஆனா அது கலெக்டர் ஆபீஸ் கண்ணுல பாத்த பொம்பளைங்க.

கேள்வி: பெண்களுக்கு முதல்ல ஓட்டு கொடுத்த நாடு எது? (பத்தாம் வகுப்பு மாணவி, ஆம்பூர்)

நியூசிலாந்து, 1893. ஆனா அங்க பொம்பளைங்க தேர்தல்ல நிக்கறதுக்கு 1919 வரைக்கும் ஆச்சு, டெஸ்ட்ல ரெண்டு வருஷத்தையும் எழுதும்மா. இலங்கை 1931, சுவிட்சர்லாந்து தேசத் தேர்தலுக்கு 1971!

கேள்வி: ஒரு நாட்டுல சட்டம் நல்லா இருக்கு, நடப்பு மோசம். எதை வெச்சு எழுதறது? (சட்ட மாணவர், அரக்கோணம்)

ரெண்டையும் ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ணா நிறுத்தி எழுதுங்க தம்பி. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கற ஐ.நா. ஒப்பந்தம் 1979-ல வந்துச்சு, இந்தியா 1993-ல சேர்ந்துச்சு. சேர்ந்த நாடெல்லாம் அப்பப்ப அறிக்கை கொடுக்கணும். அரசாங்கம் கொடுக்கற அறிக்கை ஒண்ணு, அந்த நாட்டுப் பெண்கள் அமைப்புங்க "அதெல்லாம் இல்லீங்க"ன்னு கொடுக்கற நிழல் அறிக்கை ஒண்ணு, ரெண்டையும் படிச்சுட்டு கமிட்டி எழுதற முடிவுரை ஒண்ணு. மூணும் ஐ.நா. இணையத்துல இலவசம், லைப்ரரி கம்ப்யூட்டர்ல இறக்கிக்கலாம். முதல்ல நிழல் அறிக்கையைப் படிங்க, அப்புறம் அரசாங்கத்தோடது, எதைப் பேசாம தாண்டிப் போயிருக்காங்கன்னு பளிச்சுனு தெரியும். சேரும்போதே எந்தப் பிரிவுக்கு "இது எங்களுக்கு ஆகாது"ன்னு விலக்கு வாங்கினாங்கன்னும் பாருங்க. நம்ம நாடும் கல்யாணம், தனிநபர் சட்டம் சம்பந்தமா ஒரு அறிவிப்பு கொடுத்துட்டுத்தான் சேர்ந்துச்சு, உங்க முதல் அத்தியாயத்தை அங்க இருந்தே எழுதலாம்.