கிணற்றுக் காசில் சிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சி தருமபுரத்தில் வசிக்கிறேன். கணினிச் சிப் நிறுவனமான என்விடியாவின் பங்கு விலை மிகவும் ஏறிவிட்டது என்றும், நினைவகச் சிப் செய்யும் மைக்ரோனின் பங்கு அதன் இலாபத்தோடு பார்க்கையில் மலிவு என்றும் நினைக்கிறேன். ரொறன்ரோவிலுள்ள நண்பனின் கணக்கில் வாங்கலாம். கிணறு வெட்ட அண்ணா அனுப்பிய காசு வங்கியில் சும்மா கிடக்கிறது; அம்மா இப்போதைக்குப் பக்கத்து வீட்டில் அள்ளுகிறா. எந்தப் பங்கு பெறுமதியானது?

பதில்: தம்பி, பங்குகளைப் பற்றி விரிவாக எழுதிய நீர், அம்மா அயலார் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை அரை வரியில் முடித்துவிட்டீர். அண்ணாவிடம் கேட்டீரா என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர். வெளிநாட்டில் உழைப்பவர் தாயின் கிணற்றுக்கென்று அனுப்பும் காசு தாயுடையது. அது வங்கியில் கிடப்பதற்குக் காரணம் நீர் இன்னும் கிணறு வெட்டுபவரைக் கூப்பிடாததுதான்.

உமது கணக்கும் பிழை. நினைவகச் சிப்புக்குத் தட்டுப்பாடு வரும்போது விலை ஏறி, இலாபம் பெருகி, பங்கு விலையை ஒரு பங்குக்குரிய இலாபத்தால் வகுத்தால் வரும் எண் சிறிதாகி, பங்கு மலிவாகத் தெரியும். அந்த இலாபத்தைப் பார்த்து எல்லா நிறுவனங்களும் உற்பத்தியைக் கூட்ட, சிப் மலிந்து இலாபம் சரியும். மைக்ரோன் 2022 நிதியாண்டில் ஏறத்தாழ 870 கோடி டொலர் இலாபம் காட்டி, அடுத்த ஆண்டே ஏறத்தாழ 580 கோடி டொலர் நட்டம் காட்டியது. ஆகவே இத்தொழிலில் ஒரு பங்கு மிக மலிவாகத் தெரியும் நேரமே பல வேளைகளில் ஆபத்தான நேரம்.

என்விடியாவும் 2021 நவம்பரிலிருந்து 2022 ஒக்ரோபர் வரையில் தன் பங்கு விலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டை இழந்தது. பின்னர் அது பன்மடங்கு ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தின் பயன், இடையில் காசு தேவைப்படாமல் காத்திருக்க முடிந்தவர்களுக்கே கிடைத்தது. காத்திருந்தாலும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2000ஆம் ஆண்டு இன்டெல் என்ற இன்னொரு சிப் நிறுவனத்தின் பங்கு தொட்ட உச்ச விலையை அந்தப் பங்கு இருபது ஆண்டுகள் கழித்தும் எட்டவில்லை. அத்தனை காலம் அம்மாவை வாளியோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறீரா?

நண்பனின் கணக்கில் வாங்கும் பங்கு நண்பனின் பெயரில்தான் இருக்கும், உமது பெயரில் அல்ல. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வன்னியில் கிணறு வெட்டுவதற்கு நீர்மட்டம் தாழ்ந்த ஆவணி, புரட்டாதிதான் பொருத்தம். அப்போதுதான் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று தெரியும். மாரி தொடங்கிவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். அண்ணாவுக்கு இன்றே தொலைபேசி எடுத்து, வேலை தொடங்காததையும் இந்த எண்ணம் வந்ததையும் ஒளிக்காமல் சொல்லும். சிப் நிறுவனங்களைப் படிக்கும் ஆர்வம் நல்லது. அதற்கு உமது சொந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசை, உமது பெயரிலேயே, கிணறு கட்டி முடிந்தபின் போடும்.